பெரிய டேங்க்ல எந்த சிக்லிட்டோட எந்த சிக்லிட்: மதுரைத் தண்ணிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிக்லிட்டுங்கறது எடம் புடிச்சு அடிச்சுக்கிற ஒரு மீன் வகை. நாலடி, ஆறடி டேங்க் வாங்கிட்டு "அண்ணே, இதுல என்னென்ன சிக்லிட் சேத்துப் போடலாம்"னு கேட்டு வர்றவங்கள்ல பாதிப் பேரு ஏற்கனவே மீன வாங்கிப் போட்டுட்டுத்தான் வர்றாங்க. அப்ப எதப் போடலாம்னு பேசி என்ன செய்ய, எத எடுக்கணும்னுதான் சொல்ல முடியும். நானும் அப்படி ஆரம்பிச்ச ஆளுதான். மொத டேங்க் மூணடி, கடைல "ஆஃப்ரிக்கன் மிக்ஸ்"னு ஒரு கவர்ல 15 குட்டி குடுத்தாங்க, கலர் கலரா அள்ளுச்சு. எட்டு மாசம் கழிச்சு அதுல ஒரே ஒருத்தன் மிச்சம், கருப்பா, தடியா, நடு டேங்க்ல நின்னு என்னையவே மொறைச்சுப் பாத்துட்டு இருந்தான்.

ஏன் இப்படி அடிச்சுக்கிறாய்ங்கன்னு புரிய, இந்த மீனுங்க வர்ற ஆப்பிரிக்காவுல இருக்குற மலாவி ஏரிக்கெல்லாம் போக வேணாம். நம்ம ஊரு கண்மாய்ல தண்ணி வத்தும்போது தரைல வட்ட வட்டமா குழி தெரியும் பாத்திருப்பீங்க, அது ஆண் ஜிலேபி தோண்டுன குழி. ஜிலேபியும் சிக்லிட்தான். அந்தக் குழிக்குள்ள வேற ஆண் எட்டிப் பாத்தா வெரட்டுவான், பொம்பள மீன் வந்தா ஆடிக் காட்டுவான். கண்மாய்ல தோத்தவன் நாப்பது அடி தள்ளிப் போய்ப் பொழச்சுக்குவான், உங்க டேங்க்ல அவனுக்குப் போக எடமில்ல. கீழ சொல்றது எல்லாமே இந்த ஒரு பிரச்சனையச் சுத்தித்தான்.

வரிசை முக்கியம். தண்ணி, தரை, குடும்பம், சைஸ், சாப்பாடு, அப்புறம் லிஸ்ட், கடைசிலதான் மீன் கடை. தலைகீழாப் போனா ஒவ்வொரு படியிலயும் காசு போகும்.

0. கைல மொதல்ல இருக்க வேண்டியது

அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நாலும் பாக்குற சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒண்ணு, தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு, தெர்மாமீட்டர். இது போக ரெண்டடில ஒரு சின்ன டேங்க், தனி ஃபில்டரோட. இந்த சின்ன டேங்க எல்லாரும் "அப்புறம் வாங்கிக்கலாம்"னு தள்ளிப் போடுவாங்க. அடி வாங்குன மீனயோ அடிக்கிற மீனயோ ராத்திரி பத்து மணிக்கு எங்குட்டு தூக்கிப் போடுவீங்க, வாளிலயா? மீன் வாங்குறதுக்கு முன்னாடியே அது ஓடிட்டு இருக்கணும்.

1. உங்க வீட்டுத் தண்ணிய அளங்க

மதுரைல பெரும்பாலும் ரெண்டு தண்ணி. ஒண்ணு கார்ப்பரேஷன் தண்ணி, அதுல குளோரின் இருக்கும், ஆன்ட்டி குளோரின் சொட்டு போடாம டேங்க்ல ஊத்தக்கூடாது. இன்னொண்ணு போர் தண்ணி, பக்கெட்ல வெள்ள வெள்ளயா படியுமே அதான். எங்க வீட்டு போர் டிடிஎஸ் 900-க்கு மேல காட்டும், ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுல 400 கூட இல்ல. அதனால பக்கத்து வீட்டுக்காரர் சொன்னத நம்பாதீங்க, நீங்களே மீட்டர வச்சுப் பாருங்க.

போர் தண்ணிய பைப்புல புடிச்ச ஒடனே பிஎச் பாக்காதீங்க. பூமிக்கு அடில இருந்து வர்ற தண்ணில கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருக்கும், அது பிஎச்ச கொறச்சுக் காட்டும். ஒரு வாளில புடிச்சு ராத்திரி முழுக்க ஏர் ஓடவிட்டு காலைல பாருங்க. எங்க வீட்டுல பைப்ல 7.2, காலைல 8. டேங்க்ல நிக்கப் போறது அந்த 8 தான்.

மலாவி ஏரி மீனுக்கு பிஎச் 7.7-ல இருந்து 8.6 வரைக்கும் ஒத்துக்கும், டாங்கனிக்கா (அதுவும் ஆப்பிரிக்க ஏரிதான்) மீனுக்கு இன்னும் கொஞ்சம் மேல. அதாவது நம்ம ஊரு போர் தண்ணி இவய்ங்களுக்கு ஏறக்குறைய சொந்த ஊரு மாதிரி. டிஸ்கஸ் மாதிரி உப்பு கம்மியான மெல்லிசான தண்ணி கேக்குற மீன இதே தண்ணில வளக்க நெனச்சா மாசாமாசம் ஆர்ஓ தண்ணியோட மல்லுக்கட்டணும், மொத தடவ வைக்கிறவங்களுக்கு அது வேணாத சோலி.

வாய்ல வச்சா உப்புக் கரிக்கிற அளவுக்குத் தண்ணி இருந்தா பாதிக்குப் பாதி கார்ப்பரேஷன் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ கலந்துக்கங்க. அபார்ட்மெண்ட்ல சாஃப்ட்னர் போட்ட தண்ணி வந்தா அத டேங்குக்கு எடுக்காதீங்க, அது கால்சியத்த எடுத்துட்டு சோடியத்த விட்டுட்டுப் போற தண்ணி. ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற வேஸ்ட் தண்ணிய சிக்கனம்னு நெனச்சு ஊத்துறவங்களும் இருக்காங்க, போர்ல இருந்த உப்பெல்லாம் சுண்டி நிக்கிற தண்ணி அது, செடிக்குக் கூட யோசிச்சுத்தான் ஊத்தணும்.

2. லிட்டர விட்டுட்டு தரைய அளங்க

சிக்லிட்டுக்கு எடம்ங்கறது தரைல இருக்கு. மூணடி நீளம் மூணடி உயரம்னு அலமாரி மாதிரி டேங்க் செஞ்சு வச்சுட்டு "500 லிட்டருக்கு மேல வருதுண்ணே"ன்னு ஒரு தம்பி பெருமையாச் சொன்னான். லிட்டர் இருக்கு, ஆனா ஒருத்தன் குழி தோண்டி உக்காந்தா மத்தவனுக்குத் தரையே இல்ல.

நாலடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடின்னா சுமார் 255 லிட்டர். இதுல சின்ன எம்புனா வகைங்க (மலாவி ஏரிப் பாறை மீனுங்க) மட்டும்தான். ஆறடிக்கு ரெண்டடிக்கு ரெண்டடின்னா சுமார் 680 லிட்டர், இதுல இருந்துதான் நான் பெரிய மீன் பத்தியே பேசுவேன். அகலம் ரெண்டடி இருந்தா தொரத்துறவன் வரும்போது ஓடுறவன் வளைஞ்சு திரும்ப முடியும். ஒரு அடி அகலத்துல நேரா மட்டும்தான் ஓடணும், கடைசில செவுரு.

எடைய மறந்துடாதீங்க. ஆறடி டேங்க்ல தண்ணி மட்டுமே 600 கிலோவுக்கு மேல, 12 எம்எம் கண்ணாடி 120 கிலோ பக்கம், கல்லு மணலு சேத்தா ஒரு டன்ன நெருங்கிடும். மாடி வீடுன்னா நடு ஹால்ல வைக்காம பீம் ஓடுற செவுத்தோரமா வைங்க, வைக்கிறதுக்கு முன்னாடி வீடு கட்டுன இன்ஜினியர ஒரு வார்த்த கேட்டுக்கங்க. வாடகை வீடா இருந்தா ஓனரையும்.

ஃபில்டர் மணிக்கு டேங்க் கொள்ளளவப் போல ஆறுல இருந்து பத்து மடங்கு தண்ணிய சுத்தவிடணும். ஆறடிக்கு சம்ப் (டேங்குக்குக் கீழ வைக்கிற ஃபில்டர் தொட்டி) வச்சுக்கறது எனக்குப் பிடிச்ச வழி, மீனு நெறைய போடப் போறோம், கழிவும் நெறைய வரும்.

3. ஒரே ஒரு குடும்பத்தப் பிடிங்க

எல்லாரும் தடுக்கி விழுற எடம் இதான். ஆஸ்கரும் பிடிக்கும், எல்லோ லேப்பும் பிடிக்கும், ஃப்ரன்டோசாவும் பிடிக்கும், மூணையும் ஒரே டேங்க்ல போட்டா என்னன்னு கேப்பாங்க. மூணும் சிக்லிட்டுங்கறது ஒண்ணுதான் ஒத்தும, மத்தபடி மூணும் வேற வேற ஊரு, வேற வேற தண்ணி, வேற வேற சண்டை.

மலாவில ரெண்டு கூட்டம். எம்புனான்னு சொல்றது பாறை இடுக்குல வாழ்றவய்ங்க, சின்ன சைஸ், நாள் முழுக்க ஓயாம தொரத்தல். பீகாக், ஹாப்னு சொல்றவய்ங்க பாறை இடுக்க விட்டு மணல் பக்கமும் தொறந்த தண்ணிலயும் நீந்துறவய்ங்க, பெருசு, கொஞ்சம் அமைதி. இந்த ரெண்டு கூட்டத்தையும் கலந்தா பீகாக் கலர் மங்கி மூலைல நிக்கும், ஏன்னா எம்புனா போடுற அலப்பறைக்கு அதால ஈடு குடுக்க முடியாது. எம்புனால எல்லோ லேப் மட்டும் ரெண்டு பக்கமும் ஒத்துப் போற பையன், அது ஒரு விதிவிலக்கு.

டாங்கனிக்கா ஏரில இருந்து வர்ற ஃப்ரன்டோசா ஒரு அடிக்கு மேல வளரும், பெரிய மனுசன் மாதிரி மெதுவா நடமாடும். சுத்தி எம்புனா ஓடிட்டு இருந்தா அதுக்கு மூச்சு முட்டும், சாப்பிடாது. அதே சமயம் ராத்திரி லைட் அணைஞ்ச பெறகு வாய்ல நுழையுற சின்ன மீன முழுங்கிடும். அமைதியான மீன் யாரையும் தின்னாதுன்னு நெனச்சு ஏமாந்தவன் நான்.

அமெரிக்க வகைன்னா ஆஸ்கர், செவெரம், ஜியோஃபேகஸ், க்ரீன் டெரர், ஜாக் டெம்ப்ஸி, கன்விக்ட், டெக்ஸாஸ். இவங்களுக்குள்ளயே குணம் ரொம்ப வித்தியாசம். கன்விக்ட் அஞ்சாறு இஞ்ச்தான் வரும், ஆனா ஜோடி சேந்து குட்டி போட்டா நாலடி டேங்க்ல மூணடி அதுக்குத்தான் பட்டா.

ஃப்ளவர்ஹார்ன தனியா சொல்லிடுறேன். வாஸ்துக்குன்னு நெறைய வீட்டுல வச்சிருப்பாங்க, தலைல மேடு இருக்குமே அதான். அது ஒரு டேங்குக்கு ஒரு மீன். துணைக்கு ஒண்ணு போடலாமான்னு கேக்காதீங்க, கைய விட்டா கையவே கடிக்கும்.

4. ரெண்டு இஞ்ச்ல பாத்து மயங்காதீங்க

கடைல பாக்குறது குட்டி. நீங்க வாங்குறது ரெண்டு வருசம் கழிச்சு நிக்கப் போற முழு ஆண். அதனால ஒவ்வொரு மீனப் பத்தியும் மூணு கேள்விதான்: முழு சைஸ் என்ன, பெரிய ஆண் எப்படி நடந்துக்குவான், அவன் கலர் என்ன.

ஆராட்டஸ்னு ஒண்ணு இருக்கு. குட்டில பளிச்சுன்னு மஞ்சள், மேல கருப்புக் கோடு, கவர்ல இருக்குற அத்தனை மீன்லயும் அதான் மொதல்ல கண்ணுக்குப் படும். வளந்து தலைவனா ஆகுற ஆணுக்கு மஞ்சள் போய் ஒடம்பே கருத்துடும். என் மொத டேங்க்ல மிச்சமா நின்ன சண்டியர் அவன்தான். ஆஃப்ரிக்கன் மிக்ஸ்னு விக்கிற கவர்ல இவன் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால மிக்ஸ் வேணவே வேணாம், பேர் சொல்லி வாங்குங்க. கடைக்காரருக்குப் பேரு தெரியலேன்னா அந்தக் கடைல ஃபில்டரும் தீவனமும் மட்டும் வாங்கிக்கங்க.

வீனஸ்டஸ் குட்டி ஒட்டகச்சிவிங்கி மாதிரி திட்டுத் திட்டா இருக்கும், அழகு, ஆனா பத்து இஞ்ச் வரும், மீன் தின்னி. நாலடி டேங்க்ல போட்டவங்க எல்லாரும் ஒரு வருசத்துல எங்கிட்ட "யாராச்சும் எடுத்துக்குவாங்களா"ன்னு கேட்டிருக்காங்க.

இன்னொரு சூது கலர்ல இருக்கு. பீகாக் ஆண் பொதுவா மூணு இஞ்ச் தாண்டும்போதுதான் நெறம் நல்லா ஏறும், பொம்பள மீன் கடைசி வரைக்கும் சாம்பல்தான். ஒரு தொட்டில இருக்குற ஒன்றரை இஞ்ச் குட்டி அத்தனையும் நீலமும் செவப்புமா ஜொலிச்சா ஹார்மோன் குடுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து ரெண்டு மாசத்துல கலர் வடியும், அது ஆணா பொண்ணான்னு உங்களுக்கும் தெரியாது அதுக்கும் தெரியாது.

5. தட்டுல என்ன வைக்கப் போறீங்க

எம்புனால பெரும்பாலானவை பாறைல படிஞ்ச பாசிய சொறண்டித் தின்னு பழகுனது, குடல் நீளம். அதுக்கு கொழுப்பும் மாமிசமும் ஏத்துனா வயிறு வீங்கி, சாப்பிடாம, வெள்ள நூலா கழிஞ்சு போய்ச் சேந்துடும். மலாவி ப்ளோட்னு சொல்றது இதான், இதுக்குச் சாப்பாடு ஒரு காரணம், ஓயாத அடியும் கெட்ட தண்ணியும் இன்னொரு காரணம். ஆஸ்கர் புழுவும் எறாலும் கேக்குற ஆளு. ரெண்டையும் ஒரே டேங்க்ல வச்சு எந்தத் தீவனம் போட்டாலும் ஒருத்தனுக்குத் தப்பாத்தான் போகும். எம்புனாவுக்கு ஸ்பைருலினா பாசி சேந்த குச்சித் தீவனம், ஒரு நிமிசத்துல தின்னு முடிக்கிற அளவு, வாரத்துல ஒரு நாள் பட்டினி. மாட்டு இதயம், டியூபிஃபெக்ஸ் புழு ரெண்டும் எம்புனா பக்கமே கொண்டு போகாதீங்க.

6. பேப்பர்ல எழுதுங்க

இப்பத்தான் பேனா எடுக்கணும். நான் போட்டுப் பாத்து, அடுத்தவங்களுக்கும் போட்டுக் குடுத்து நின்ன லிஸ்ட் சொல்றேன், அப்படியே எடுத்துக்கணும்னு இல்ல, காரணத்தப் புரிஞ்சுக்கங்க.

நாலடி, எம்புனா: எல்லோ லேப் ஏழு, ரஸ்டி ஆறு, எல்லோ டெயில் ஏசி ஆறு. (ஏசின்ன ஒடனே கூலிங் வரும்னு நெனச்சுக்காதீங்க, மீன் பேரே அதான்.) இந்த மூணும் ஏன்னா ஒண்ணு மஞ்சள், ஒண்ணு துரு நெறம், ஒண்ணு நீல ஒடம்பு மஞ்ச வாலு. சிக்லிட் தன்ன மாதிரி நெறமும் கோடும் இருக்குறவனத்தான் மொதல்ல எதிரியாப் பாக்கும். நெறம் தள்ளி இருந்தா கோவம் கம்மி. அதோட ஏசி மேல் தண்ணில சுத்தும், மத்த ரெண்டும் கல்லுக்குள்ள, எடம் பிரிஞ்சுக்கும். ரஸ்டி நம்ம பக்கம் எப்பவும் கெடைக்காது, சென்னை கொளத்தூர்ல இருந்து லோடு வரும்போது சொல்லி வைக்கணும். கெடைக்கலேன்னா ரெண்டு வகையோட நிறுத்துங்க, அந்த எடத்துல டக்குன்னு ரெட் ஜீப்ராவ சொருகாதீங்க. அது முரடு, எல்லோ லேப்போட கலந்து குட்டியும் போடும், அந்தக் கலப்புக் குட்டிய வாங்க ஆள் இருக்காது.

டெமசோனி பாத்து ஆசப்படுவீங்க, நீலத்துல கருப்புப் பட்ட, மூணு இஞ்ச்தான். அஞ்சாறு போட்டா ஒருத்தன் ஒருத்தனாக் கொன்னு முடிப்பாய்ங்க, பன்னெண்டுக்கு மேல கூட்டமா போட்டாத்தான் நிக்கும். மொத டேங்குக்கு வேணாம்.

ஆறடி, ஆண் மட்டும் இருக்குற காட்சி டேங்க்: எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. எலக்ட்ரிக் ப்ளூ ஒண்ணு, செவப்பு பீகாக் ஒண்ணு, மஞ்ச பீகாக் ஒண்ணு, திட்டுப் போட்ட ஓபி பீகாக் ஒண்ணு, போர்லேயி ஒண்ணு, ப்ளூ டால்பின் ஒண்ணு, இப்படி ஒரு வகைக்கு ஒண்ணா 14-ல இருந்து 16 வரைக்கும், எல்லாம் கூடக்குறைய ஒரே சைஸ்ல. ரெண்டு விதி. ஒண்ணு, பாக்க ஒரே மாதிரி இருக்குற ரெண்டு பேரு கூடாது, எலக்ட்ரிக் ப்ளூ இருக்குற எடத்துல இன்னொரு முழு நீல ஹாப் வேணாம். ரெண்டு, ஒரு பொம்பள மீன் கூட உள்ள வரக்கூடாது. ஒரு தடவ ஆணுன்னு குடுத்தது பொண்ணாப் போச்சு, ஒரே வாரத்துல அமைதியா இருந்த டேங்க் பொங்கல் ஜல்லிக்கட்டு வாடிவாசல் மாதிரி ஆயிடுச்சு, அவள எடுத்த அன்னைக்கு சாயங்காலமே அடங்குனாய்ங்க.

ஆறடி, அமெரிக்கக்காரய்ங்க: ஆஸ்கர் ரெண்டு, செவெரம் மூணு, சில்வர் டாலர் ஆறு. சில்வர் டாலர் சிக்லிட் இல்ல, ஆனா மேல கூட்டமா அது பயமில்லாம சுத்துறதப் பாத்தாத்தான் ஆஸ்கருக்கு வெளிய வர தைரியம் வரும். ப்ளட் பேரட் பிடிக்கும்னா செவெரம் கூட விடலாம், க்ரீன் டெரர் கூட விடாதீங்க, அதுக்கு வாய் முழுசா மூடாது, திருப்பிக் கடிக்க வழியில்ல.

ஃப்ரன்டோசா வேணும்னா ஆறடில அது மட்டும் ஏழெட்டு, வளந்த பெறகு ஒரு ஆண் மட்டும் நிக்கிற மாதிரி. வேற எதுவும் வேணாம்.

தரை சுத்தம் பண்ணன்னு சக்கர் மீன் தலைல கட்டுவாங்க. ஒன்றரை அடி வரும், அது போடுற கழிவுக்குத் தனியா ஒருத்தர் சுத்தம் பண்ணணும். வேணாம்.

7. ஆண், பொண்ணு கணக்கு

எம்புனால ஒரு ஆணுக்கு மூணு நாலு பொண்ணு. ஒரு ஆண் ஒரு பொண்ணு ஜோடின்னு நம்ம கல்யாணக் கணக்கு போட்டா அந்தப் பொண்ணு தப்பிச்சு ஓடியே செத்துடும், மூணு பேரு இருந்தா தொரத்தல் மூணாப் பிரியும்.

குட்டில ஆண் பொண்ணு தெரியாது. பின் துடுப்புல மஞ்சப் புள்ளி இருந்தா ஆணுன்னு சொல்றத நம்பாதீங்க, பொண்ணுக்கும் இருக்கும். அதனால ஒரு வகைல ஏழெட்டுக் குட்டி வாங்கி, வளர வளர மிஞ்சுற ஆண வெளிய எடுக்குறதுதான் வழி. வாங்கும்போதே கடைல "பெருசான பெறகு ரெண்டு ஆண திருப்பி எடுத்துக்குவீங்களா"ன்னு கேட்டு வச்சுக்கங்க.

8. கல்லு மொதல்ல, மணலு அப்புறம்

சிக்லிட் தோண்டும். மணல் மேல கல்ல அடுக்கிட்டா அடில தோண்டி கல்லு சரிஞ்சு மீன் நசுங்கும், கண்ணாடியும் போகும். கண்ணாடித் தரைல மெல்லிசா தெர்மாகோல் ஷீட் விரிச்சு, அதுமேல கல்ல ஆடாம அடுக்கி, கடைசில மணல்.

மேலூர் பக்கம் கிரானைட் ஒடைசல் சும்மாவே கெடக்கும், தண்ணில எதையும் கலக்காத கல்லு, கூர் முனைய மட்டும் ஒதுக்கிட்டு நல்லாக் கழுவிப் போடுங்க. வேற கல்லுன்னா மேல ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க, நொரைச்சா சுண்ணாம்பு இருக்கு. மலாவி டேங்குக்கு அது நல்லதுதான், ஆஸ்கர், செவெரம் மாதிரி தென் அமெரிக்க மீனுக்கு வேணாம். எம்சாண்ட் போடாதீங்க, கூரா இருக்கும், மணல வாய்ல அள்ளிச் சலிக்கிற மீனுக்குச் செவுள அறுக்கும்.

அடுக்கும்போது ஒரே மலையா குவிக்காம நாலஞ்சு குவியலா பிரிச்சு, ஒரு மூலைல நிக்கிறவனுக்கு அடுத்த மூலை தெரியாத மாதிரி வைங்க. கண்ணுக்குத் தெரியலேன்னா தொரத்த மாட்டான். ஒவ்வொரு பொந்துக்கும் ரெண்டு வாசல் வேணும், ஒரு வாசல்னா அது பொந்து இல்ல பொறி. காட்சி டேங்க்ல மட்டும் கல்லு கம்மியாப் போதும், பொந்து இருந்தாத்தான எடம் புடிக்கிற எண்ணமே வரும்.

9. மீன் இல்லாம டேங்க ஓட்டுங்க

நாலுல இருந்து ஆறு வாரம். ஒரு துணில ரெண்டு எறால் கட்டிப் போட்டா அழுகி அம்மோனியா வரும், அத நைட்ரைட்டாவும் நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா ஃபில்டர்ல குடியேறும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டும் சைபர் காட்டி, நைட்ரேட் ஏறுனா டேங்க் ரெடி. அப்புறம் பாதிக்கு மேல தண்ணி மாத்திட்டு மீன் வாங்கப் போங்க. ஓடிட்டு இருக்குற டேங்க்ல இருந்து நண்பர்கிட்ட கொஞ்சம் பழைய ஸ்பாஞ்சு கெடச்சா இன்னும் சீக்கிரம் முடியும்.

நம்ம தண்ணிக்கு இதுல அவசரம் கூடவே கூடாது. பிஎச் ஒரு எண் ஏறுனா விசமா இருக்குற அம்மோனியாவோட பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஏறும். பிஎச் 7 தண்ணில தாங்குற அளவு அம்மோனியா நம்ம 8-ல கொன்னுடும்.

10. விடுற வரிசை

வாங்குனத மூணு வாரம் சின்ன டேங்க்ல வச்சுப் பாருங்க, வெள்ளப் புள்ளி, துடுப்பழுகல் எதுவும் இருந்தா அங்கயே முடிஞ்சுடும். எம்புனா ஒரே சைஸ் குட்டியா வாங்கியிருந்தா எல்லாத்தையும் ஒரே நாள்ல விடுங்க, யாருக்கும் "இது என் எடம்"னு சொல்ல நேரம் கெடைக்காது. அத்தன குட்டிக்கு ரெண்டடி பத்தாதுன்னா எல்லாத்தையும் ஒரே எடத்துல வாங்கி நேரா பெரிய டேங்க்லயே விட்டு, அதையே மூணு வாரம் தனிமையா நெனச்சு வேற எதுவும் சேக்காம இருங்க.

ஒரே நாள்ல முடியலேன்னா சாதுவான ஆள் மொதல்ல, முரடன் கடைசில. முரடன மொதல்ல விட்டா ஆறடியும் அவன் பேர்ல எழுதியாச்சு, பின்னால வர்றவன் எல்லாம் குடிக்கூலிக்கு வந்தவன். பெறகு எப்ப புது மீன் சேத்தாலும் கல்ல கலைச்சு வேற மாதிரி அடுக்கி, இருக்குறவய்ங்களுக்கு ஒரு வாய் தீவனம் போட்டு, லைட்ட அணைச்சுட்டு விடுங்க. ஒத்தையா ஒரு மீன் சேக்காதீங்க, மூணா நாலா சேருங்க.

11. மொத பத்து நாள் உக்காந்து பாருங்க

தொரத்தல் இருக்கத்தான் செய்யும், அதப் பாத்து பயப்பட வேணாம். ஒருத்தன் பத்துப் பேர மாறி மாறி வெரட்டுனா அது சாதாரணம். ஒருத்தன் ஒரே ஒருத்தன மட்டும் விடாம வெரட்டுனா, அவன் மேல் மூலைல பைப்புக்குப் பின்னால ஒட்டி நின்னா, தீவனம் போட்டும் வரலேன்னா அன்னைக்கே எடுக்கணும். நாளைக்குன்னா காலைல மெதக்கும்.

அடி வாங்குனவன எடுத்தா அடிக்கிறவன் அடுத்த ஆளப் பாப்பான். அதனால காயம் பட்டவன் ஆறட்டும்னு ஒதுக்குறதோட, அடிக்கிறவனையும் ஒரு வாரம் வெளிய வைங்க (சின்ன டேங்க்ல நடுவுல தடுப்பு போட்டு ரெண்டு பேரையும் வச்சிருக்கேன்). கல்ல மாத்தி அடுக்கிட்டு திரும்ப விடும்போது அவன்தான் புது ஆளு. ரெண்டு தடவ இப்படிச் செஞ்சும் திருந்தலேன்னா அவன கடைக்கே குடுத்துடுங்க. அழகா இருக்கான்னு வச்சுக்கிட்டு ஆறு மீன இழந்த ஆள எனக்குத் தெரியும், தெனமும் கண்ணாடில பாக்குறேன்.

மீன் எண்ணிக்க கம்மி பண்ணா சண்டை குறையும்னு எம்புனால தோணும், நேர்மாறா நடக்கும். நாலே நாலு பேரு இருந்தா கடைசி ஆளுக்கு மொத்த அடியும் விழும். அதனாலதான் நாலடில 19 சொன்னேன். அதுக்கு வெல வாரா வாரம் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்தணும், நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம் தாண்டக்கூடாது.

12. சித்திரை வெயிலும் கரண்ட் கட்டும்

ஹீட்டர் நமக்கு மார்கழி ராத்திரிக்கு மட்டும் வேணும்னா வைங்க. நம்ம பிரச்சனை அந்தப் பக்கம். மேல கான்கிரீட் தளம் காய்ஞ்சு, மே மாசம் என் டேங்க் 33 டிகிரி வரைக்கும் போயிருக்கு. தண்ணி சூடு ஏற ஏற ஆக்சிஜன் கொறையும், 25 டிகிரில லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் தாங்குற தண்ணி 32-ல 7.3 பக்கம்தான் தாங்கும். சூட்டுல மீனுக்கு மூச்சும் அதிகம் வேணும், கோவமும் அதிகம் வரும்.

மூடிய எடுத்துட்டு கொசுவல போட்டு (சிக்லிட் எகிறும்), தண்ணி மேல படுற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைங்க, ரெண்டு மூணு டிகிரி எறங்கும். ஐஸ் பாட்டில் போட்டு டக்குன்னு எறக்காதீங்க. தீவனத்தப் பாதியாக்குங்க.

ஒரு வருசம் அழகர் ஆத்துல எறங்குறதப் பாக்க ராத்திரியே குடும்பத்தோட கெளம்பிட்டோம், திரும்பி வர மதியம் ஆச்சு. இடையில அஞ்சு மணி நேரம் கரண்ட் இல்ல. நல்ல மீன் நாலு போச்சு, நாலும் டேங்க்லயே பெருசு, மூச்சு முட்டும்போது பெரிய மீன்தான் மொதல்ல போகும். அதுல இருந்து கரண்ட் போனா தானா ஓடுற பேட்டரி ஏர் பம்ப் ரெண்டு வச்சிருக்கேன், ஒண்ணு டேங்க்ல, ஒண்ணு ஃபில்டர் மீடியா இருக்குற சம்ப்ல. ஏன்னா காத்து இல்லாம ரொம்ப நேரம் கெடந்தா ஃபில்டர்ல இருக்குற பாக்டீரியாவும் சாக ஆரம்பிக்கும், கரண்ட் வந்த ஒடனே அந்த அழுக்குத் தண்ணி டேங்க்ல வந்து விழும்.

13. மிஞ்சுனத எங்க விடுறது

கடை எடுத்துக்கலேன்னா தெரிஞ்ச ஆளுக்குச் சும்மா குடுங்க. கண்மாய்லயோ வைகையிலயோ தெப்பக்குளத்துலயோ கொண்டு போய் விடாதீங்க, ஒத்த மீனா இருந்தாலும் சரி. ஜிலேபியும் வெளியூர்ல இருந்து கொண்டு வந்து விட்டதுதான், இப்ப எந்தக் கண்மாய்ல வல வீசுனாலும் அதுதான் மொதல்ல வருது.